மருந்து மாறிய நாள்

மருத்துவமனையின் இரண்டாம் மாடி தேவானைக்குப் பழகிய இடம். மூன்று வருஷத்தில் நான்கு முறை அங்கே படுத்திருந்தாள். நரம்புகளின் உறையை உடம்பே அரித்துவிடும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் அவளுக்கு. முதலில் வலது கண் மங்கியது. பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றுவார்கள். ஒரு மாதத்தில் தி.நகரில் கணவனின் ஜவுளிக்கடைக்கு வந்து, பழையபடி ரவிக்கைத் துணி அளந்து கிழித்துக்கொண்டிருப்பாள்.

நான்காம் முறை கால்களுக்கு நடக்கும் தெம்பு திரும்பவில்லை. 1998 ஜூன் மாதம் அது. வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்று டாக்டர் ஜஹனாரா அவள் கணவன் சண்முகவேலைக் கூப்பிட்டுச் சொன்னார். "புது மருந்தாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்தினா போதுமாம்" என்று மட்டும் அவன் வீட்டில் சொன்னான். தேவானைக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மருந்து ஏற்றப் போன அன்று காலை லிப்ட் இரண்டாம் மாடியில் நிற்கவில்லை. நான்காம் மாடியில் கதவு திறந்ததும் எதிரே பலகை: புற்றுநோய்ப் பிரிவு. அவளுக்குக் கொடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் முடியெல்லாம் கொட்டிப்போன ஒரு பெண் படுத்திருந்தாள்.

"என்னங்க, எனக்குக் கேன்சரா?"

"சேச்சே, இல்ல."

"அப்புறம் ஏன் இங்க?"

எழுதும் மை போல அடர்நீலமான மருந்துப் பையுடன் நர்ஸ் வந்தாள்.

"இன்னாமா இப்படி நடுங்குற? இது கேன்சருக்குப் போடுற மருந்து. உன் நோய்க்கும் கேக்குதாம். உன் வூட்டுக்காரரு கையெழுத்து போட்டுக்கீறாரே, உன்கிட்ட சொல்லல?"

"டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள் தேவானை.

டாக்டர் ஜஹனாரா வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகமும் மாறியது. "உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லச் சொல்லி அவர்கிட்ட சொன்னேனே" என்று கட்டிலில் உட்கார்ந்து நேராகவே பேசினார். நோயின் வேகம் குறையலாம். இதயம் பலவீனப்படலாம். மாதவிலக்கு நின்றுபோகலாம், இனிமேல் குழந்தை பிறக்காமலும் போகலாம்.

தேவானைக்கு முப்பத்தோரு வயது. ஆறு வயதில் ஒரு மகள். அடுத்தது பையனோ பெண்ணோ, உடம்பு சரியானதும் பெற்றுக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று கணவனைக் கேட்டாள்.

"தெரியும். சொன்னா வரமாட்டேன்னு பயந்தேன். நீ நடக்கணும் தேவானை, எனக்கு அது போதும்."

"வயிறு என்னுது. என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

சண்முகவேல் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளை டாக்டர் கிழித்தார். "இன்னிக்கு வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசிங்க."

பனகல் பார்க்கைத் தாண்டி ஆட்டோ வீடு வந்து சேரும்வரை அவள் அழவில்லை. அதற்கே அவளுக்குத் தெம்பில்லை. ஒன்பது நாள் கணவனோடு பேசாமல் மகளின் அறையில் படுத்தாள். பத்தாம் நாள் டாக்டருக்கு அவளே போன் செய்தாள்.

"ஏத்திக்கலேன்னா என்ன ஆகும்?"

"அடுத்த தடவை கை போகுமா கண்ணு போகுமான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

மறுநாள் மருத்துவமனையில் தமிழில் எழுதிய சம்மதத் தாளை வரிவரியாகப் படித்து, தன் பெயரை எழுதினாள். நீலம் சொட்டுச் சொட்டாகக் கைக்குள் இறங்கியது. சிறுநீர் பச்சையாகப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் மறுநாள் காலை அதைப் பார்த்ததும் பதறிப்போய், "என்னங்க, இங்க வாங்களேன்!" என்று கத்திவிட்டாள். பதினொரு நாளில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. ஓடி வந்து எட்டிப் பார்த்தவனிடம், "மருந்துதான், டாக்டர் சொன்னாங்க" என்றாள்.

தீபாவளிக் கூட்டத்தின்போது கைத்தடியோடு கடைக்கு வந்துவிட்டாள். மூன்றாவது முறை மருந்து ஏறிய பிறகு மாதவிலக்கு நின்றது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, கடையிலேயே அவனிடம் சொன்னாள். அவன் துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.