அத்தை வீட்டுக் களப்பணி

அங்கமுத்து அந்தச் சொல்லை வாயில் எடுத்திருக்கவே கூடாது. எடுத்துத் தொலைத்தான். திருச்சியில் சமூகப்பணி எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிற பையன், களப்பணிக்கு ஒதுக்கிய ஊரில் முதல் வீட்டு வாசலில் நிற்கிறான். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "யாரு?" என்கிறாள். போகிற வீட்டில் முறை வைத்துக் கூப்பிட்டால் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்த முறை என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பாடாலூரில் அவன் தெருவில் அம்மா வயதுப் பெண்கள் எல்லாருமே அவனுக்கு அத்தைதான். அந்தப் பழக்கத்தில், "நான்தான் அத்தை, காலேஜ்லேருந்து வரேன்" என்றான்.

சின்னம்மா என்று சொல்லியிருந்தால் வம்பே இல்லை. சின்னம்மா மகள் தங்கச்சி. அத்தை மகள் கட்டிக்கொள்கிற முறை. பக்கத்து வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இவனையும், அந்த வீட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த இருபது வயதுப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இவன் எந்த ஊர், யார் மகன், என்ன வகையறா என்று விசாரித்தார்கள். நம்ம ஆளுங்கதான் என்று தெரிந்ததும் திருப்தியாகக் கீரையை உருவப் போய்விட்டார்கள். அங்கமுத்துவுக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். அரியலூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் குழிகளுக்கு நடுவே இருந்தது அந்த ஊர். அந்த அம்மாள் பெயர் காத்தாயி, பெண் அம்சவள்ளி. அப்பா அரியமுத்து விடிந்ததும் கல்குழிக்குப் போய்விடுவார். அம்சவள்ளிக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. வலிப்பு வரும்போதெல்லாம் சாவிக்கொத்தைக் கையில் திணித்துக் கதவைச் சாத்திக்கொண்டு, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலே அவளை வளர்த்துவிட்டாள் காத்தாயி. சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர்தான் அங்கமுத்துவிடம் ரகசியமாகச் சொல்லி அனுப்பினார்.

வேலையை அவன் நன்றாகவே செய்தான், அதில் குறை சொல்ல முடியாது. தாயையும் மகளையும் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் எழுதிய மாத்திரையை மாதாமாதம் வாங்கி வந்து கொடுத்தான். களப்பணி நாட்களான செவ்வாயும் வியாழனும் வந்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்த்தான். ஆடிக்குப் பிறகு அவளுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. வருகிற நாளெல்லாம் தவறாமல் ஒரு பிரசங்கமும் உண்டு.

"இது சர்க்கரை வியாதி மாதிரிதான் அத்தை. மாத்திரையை விடாம சாப்பிட்டா எல்லாரையும் போல கல்யாணம் பண்ணிக்கலாம், புள்ளை பெத்துக்கலாம். இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

"நீங்க சொல்றீங்க தம்பி. கேக்க நல்லாத்தான் இருக்கு" என்பாள் காத்தாயி. அம்சவள்ளி மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்பாள். அவன் பேச்சை நம்பியவள் அவள் ஒருத்திதான். அது அவனுக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? ஆம்பிளை இல்லாத நேரமாகப் பார்த்து வாரம் இரண்டு தடவை வருகிறானே, எதற்கு? கேட்டவர்களிடம், "வுறவுக்காரப் புள்ள" என்று சொல்லி வைத்தாள் காத்தாயி. வியாதியை மறைக்க அவளுக்கு அதுதான் தோன்றியது. உறவுக்காரன், அதுவும் அத்தை என்று கூப்பிடுகிறவன். ஊர் முடிச்சுப் போட்டுவிட்டது. டீக்கடை செல்லப்பன், "மாப்பிள்ளைக்கு சக்கரை தூக்கலா போடு" என்றான். அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள், "மருமவன் வந்துட்டாரு டோய்" என்று அவன் காதில் விழவே சொல்லிச் சிரித்தார்கள். காலையில் இறக்கிவிட்டுப் போகிற டவுன் பஸ் நாலு மணிக்குத்தான் திரும்பும். அதுவரை ஓடி ஒளிய அந்த ஊரில் ஒரு மரத்தடிகூட அவனுக்கு மிச்சம் இல்லை.

இனிமேல் சின்னம்மா என்று மாற்றிக் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தான். மாற்றினால் இன்னும் மோசம். பையன் கைகழுவப் பார்க்கிறான் என்று பஞ்சாயத்தே கூட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமை புஷ்பவல்லி மேடத்திடம் போய் நின்றான். களப்பணிக்கு அவர்தான் மேற்பார்வையாளர், மார்க் அவர் கையில்.

"வேற ஊர் கொடுங்க மேடம்."

"ஏன், அந்தப் பெண்ணுக்கு குணமாயிடுச்சா?"

"இல்லை மேடம். ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்க."

"உன்னைப் பேசறாங்கன்னு அவளை நட்டாத்துல விட்டுட்டு வரியா? நாளைக்கு மாத்திரையை நிறுத்திட்டு அவ அடுப்புல விழுந்தா? பங்குனி வரைக்கும் நீதான் போற. போகலைன்னா இந்த வருஷத்தை மறந்துடு."

"அப்ப எதுக்கு வரேன்னு ஊர்ல சொல்லிடட்டுமா?"

"சொல்லித்தான் பாரேன். அவங்க உன்னை நம்பிச் சொன்னது. அதை வெளியில விட நீ யாரு?" என்று கேட்டுவிட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அங்கமுத்துவுக்கு ஆத்திரமாக வந்தது.

தை பிறந்ததும் அம்சவள்ளிக்கு ஒரு வரன் வந்தது. வரதராஜன்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கிற பையன், குடி கிடையாது. வந்து பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அம்சவள்ளிக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவள் கோலம் போடும்போது பாடுவதை அங்கமுத்து அந்த வாரம்தான் முதல்தடவை கேட்டான். அப்பாடா, தப்பித்தோம் என்று அவனுக்கும் உயிர் வந்தது.

"மாப்பிள்ளை வீட்டுல சொல்லிடுங்க அத்தை. மறைச்சுக் கட்டிக் கொடுக்கறது நல்லதில்லை."

"தாலி ஏறட்டும் தம்பி, பக்குவமா நானே சொல்லிக்கறேன்" என்றாள் காத்தாயி. அதற்குமேல் வற்புறுத்த அவனுக்கு உரிமை இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் காத்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், பெயர் பாவாடை. ஊர்ப் பேச்சு வரதராஜன்பேட்டை வரைக்கும் போயிருந்தது. கடையில் இருந்தவர்கள் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, நான் சுத்தி வளைக்க மாட்டேன். அந்த வூட்டுக்கு நீங்க எதுக்குப் போறீங்க?"

வலிப்பு என்று சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் கல்யாணமும் நிற்கும், பெண் பெயரும் கெடும். யோசிக்க நேரம் இல்லாமல், உலகத்திலேயே மோசமான பதிலைச் சொன்னான் அங்கமுத்து.

"அதை வெளியில சொல்லக்கூடாதுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாவாடை சிரிக்கவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப அந்த வூட்டுலயே கேட்டுக்கறேன். நீங்களும் வாங்க" என்றார். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அங்கமுத்து பின்னாலேயே போனான்.

காத்தாயி பாய் விரித்தாள், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பாவாடை உட்காரவில்லை.

"அண்ணன் மவனாம்மா இந்தப் புள்ள?"

அவள் திணறினாள். "தூரத்து வுறவுங்க."

"அத்தைன்னு கூப்புடறாராமே. முறைப்பையன் இருக்கையில எங்க வூட்டுப் புள்ளைய எதுக்குக் கூட்டியாந்து பூ வைக்கச் சொன்னீங்க? இல்ல, முறைக்கு மேல ஏதாச்சும் நடந்து போச்சா?"

காத்தாயி மகளைப் பார்த்தாள், அங்கமுத்துவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துக்கொள்ளலாம். அந்த வார்த்தை அவனுடையது இல்லை.

அம்சவள்ளி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"எனக்கு வலிப்பு இருக்குங்க. சின்ன வயசுலேருந்து. அதுக்கு மாத்திரை வாங்கியாந்து குடுக்கத்தான் இவுங்க வராங்க. ஆடிக்கப்புறம் வலிப்பு வரலை. மாத்திரை சாப்பிட்டா வராதாம். எல்லாரையும் போல இருக்கலாமாம்." அவன் பிரசங்கத்தை அப்படியே ஒப்பித்தாள். குரல் நடுங்கவில்லை.

பாவாடை நல்ல மனுஷன்தான். திட்டவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். "நல்லா இரும்மா" என்றார். தண்ணீரைத் தொடாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

காத்தாயி அழுவாள் என்று அங்கமுத்து நினைத்தான். அவள் அழவில்லை. நேராக அவன் எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சுடும். இனிமே இவள எவன் கட்டுவான்? நீங்களே சொல்லுங்க தம்பி. சர்க்கரை வியாதி மாதிரின்னீங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குன்னீங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும், நம்ம ஆளுங்கதான், முறையும் இருக்கு. நீங்க கட்டிக்குவீங்களா?"

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அங்கமுத்துவுக்குப் பாடாலூர் வீடு ஞாபகம் வந்தது. அம்மா முகம் வந்தது. வலிப்புக்காரியையா, என்று அம்மா கேட்கிற குரல்கூட வந்தது. பிறகு அது அம்மா குரல் இல்லை, தன் குரல்தான் என்று தெரிந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. படிப்பு முடியவில்லை, வேலை இல்லை, இந்தத் தொழிலில் அப்படிச் செய்யக்கூடாது. எல்லாமே உண்மைதான். ஒன்றுகூட வாயில் வரவில்லை. அம்சவள்ளி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன்மேல் ஆசை கிடையாது, அது அவனுக்குத் தெரியும். அவன் சொன்னதெல்லாம் நிஜமா என்று மட்டும்தான் பார்த்தாள். பதில் கிடைத்துவிட்டது போல, குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"விடும்மா. அண்ணனுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அதுவரை அவள் அவனை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. அண்ணன் என்று ஆகிவிட்டால் இனி யாரும் அவனை எதுவும் கேட்க முடியாது. அதைக் கேட்டதும் அவனுக்கு மூச்சு திரும்பி வந்தது. திரும்பி வந்ததே என்று செத்துப்போகலாம் போல இருந்தது.

"மாத்திரை தீரப்போவுது. வியாழக்கெழம வரும்போது எடுத்துட்டு வாங்கண்ணே" என்றாள் அம்சவள்ளி, பாயைச் சுவரில் சாத்திவிட்டு.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு அங்கமுத்து வெளியே வந்தான். பஸ்ஸுக்கு இன்னும் ரொம்ப நேரம் இருந்தது.