கப்பலை முந்திய கடிதம்

கப்பலில் வந்த கடிதத்தை அமிர்தம் உரக்கப் படித்து முடித்ததும், அவள் பெரியப்பா சிவப்பிரகாசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கேட்டுக்கினியா கனகு? அமிர்தத்துக்குப் பாத்த பாகூர் சம்பந்தத்துக்குச் சம்மதம்னு தம்பியே எழுதிட்டான். ஆவணி மொத முகூர்த்தத்துல முடிச்சிடலாம்."

அமிர்தத்தின் அம்மா கனகாம்பாள் மாடத்திலிருந்த இன்னொரு உறையை எடுத்தாள். மூன்று நாளைக்கு முன்புதான் சைகோனிலிருந்து ஏரோப்ளேனில் ஒரு கடிதம் வந்திருந்தது. தபால்காரர் அதைச் செல்லிப்பட்டு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். உள்ளே தேதிகூட இல்லை. 'பாகூர் இடம் வேண்டாம். இங்கே விசாரித்தேன். பெண்ணைக் கொடுக்காதே. விவரம் பிறகு.' அவ்வளவுதான். மாப்பிள்ளை ஐந்து வருஷம் சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பியவன். அங்கே துறைமுகத்தில் சேவகம் பார்க்கும் கனகாம்பாளின் புருஷன் குழந்தைவேலுக்கு ஏதோ தெரியவந்திருக்கிறது.

"அப்ப அந்தக் கடுதாசி, மாமா?"

"இன்னாவோ சந்தேகம் இருந்திருக்கும். தீந்துபோச்சி. கடைசியா வந்ததுதான கடைசி வார்த்த?"

அவர் கெட்டவரில்லை, பாகூராருக்கு வாக்குக் கொடுத்துவிட்டவர். ஆனால் கனகாம்பாளுக்கு மனம் ஒப்பவில்லை. வேண்டாமென்று ஒருமுறை சொன்னதைத் தன் புருஷன் மாற்றிச் சொல்லி அவள் பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டு உறைகளையும் மடியில் முடிந்துகொண்டு வில்லியனூருக்கு நடந்தாள். மூன்று மணி நேர நடை. அங்கே ஜவுளிக்கடை ஷரீப் பன்னிரண்டு வருஷம் சைகோனில் வியாபாரம் செய்தவர், பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்.

"பாய், அங்கேருந்து ஏரோப்ளேனு வர எத்தினி நாளு ஆவும்?"

"கல்கத்தா வரைக்கும் ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரும்மா. ஆகாயத்துல ரெண்டு நாளு. அப்பறம் ரயிலு. ஆக மொத்தம் ஆறு நாளு. கப்பலு சிங்கப்பூரு, கொழும்புன்னு ஐயாயிரத்த சுத்திக்கினு வரும். இருவது நாளு."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அவள் விரல் மடக்கி எண்ணிவிட்டாள்.

"அப்ப நேத்து கப்பல்ல வந்தது பதினோரு நாளு முன்னாடியே எழுதுனது."

ஷரீப் உறைகளின் மேலிருந்த பிரெஞ்சுத் தபால் முத்திரைகளைப் பார்த்தார். கப்பல் கடிதம் ஜூலை பத்தொன்பது. மற்றது ஜூலை முப்பது. மெதுவாக நிமிர்ந்தார். நாலு முறை அந்தக் கடலைத் தாண்டியவர் அவர்.

"படிச்சிருக்கியாம்மா?"

"இல்ல பாய்."

அவர் இரண்டு தேதிகளையும் உறைகளின் மேல் தமிழில் எழுதி, கீழே மரியாதையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் பாகூர்ப் பெரியவர்கள் இருவர் தாம்பூலத் தட்டோடு வந்தபோது, கனகாம்பாள் சபை நடுவில் உறைகளை வைத்தாள்.

"கடைசியா வந்தது இது. கடைசியா எழுதுனது அது."

"நேத்து பொறந்த யந்தரத்த நம்பி வாக்க மாத்தறதா?" என்றார் ஒருவர்.

"யந்தரத்த நம்பலீங்க. கப்பலு முந்திக்கக் கூடாதுன்னுதான் எம் புருசன் அதுல ஏத்தி அனுப்பிச்சாரு. அவர நம்பறேன்."

சிவப்பிரகாசம் தேதிகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாமே தட்டை எடுத்து, தலை குனிந்து, வந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்.

அமிர்தம் தாளும் பேனாவுமாக வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு எதுலம்மா அனுப்பறது?"

"ஏரோப்ளேன்லயே அனுப்பு. கடுதாசி நேரத்துக்குப் போச்சோ இல்லியோன்னு தவிச்சிக்கினு இருப்பாரு. 'குடுக்கல'ன்னு மட்டும் எழுது. அது போதும்."

அமிர்தம் எழுதினாள். கனகாம்பாள் குனிந்து, ஈரம் காயாத அந்த ஒற்றை வார்த்தையை மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.