டாங்கோ உட்கார்ந்த இடம்

சிவப்புக் கம்பு நட்ட எல்லைக்கு உள்ளே வீரேக் நின்றுகொண்டிருந்தான். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றைத் துரத்திப் போனவன், கண்ணிவெடி அகற்றும் குழுத் தலைவர் போட்ட சத்தத்தில்தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்தான். காய்ந்த புல்லில் வந்த தடம் தெரியவில்லை. மண் முழுக்கப் பழைய இரும்புத் துண்டுகள். உலோகம் தேடும் கருவியை வைத்தால் எங்கும் அலறும். மோப்ப நாயை விட்டால் வேறு வழியில்லை. அதன் கயிறு அவன் மனைவி மாலிஸின் கையில் இருந்தது.

"மாலி, கால் நடுங்குது."

"நடுங்கட்டும். எடுக்காதீங்க. டாங்கோவைப் பார்க்காதீங்க, கூப்பிடாதீங்க. முகத்தை அந்தப் பக்கம் வச்சுக்குங்க."

கோழி, கல்யாண ஒலிபெருக்கி, வேகும் இறைச்சி எல்லாவற்றின் நடுவிலும் மூக்கை மண்ணில் வைக்க டாங்கோவை அவள் பழக்கியிருந்தாள். இந்த மனிதன் எதிரே நிற்கையில் பழக்கியதில்லை. காற்றில் அவன் வாசனை வந்ததும் நாய் தலையைத் தூக்கி வாலாட்டி முனகியது. திரும்ப இழுத்தாள். மறுபடியும் அதே கதை.

"வேற நாய் வர சாயங்காலம் ஆயிடும்மா," என்றார் தலைவர்.

"இந்த வெயில்ல அதுக்குள்ள மயங்கி விழுந்துருவார் அண்ணே."

அடுத்த முறை மூக்கு மண்ணோடு ஒட்டியது. மெல்ல முன்னேறிய டாங்கோ, வீரேக்குக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்தால் அங்கே வெடி இருக்கிறது என்று பொருள்.

"உக்காந்துட்டானா?" என்றான் வீரேக். "மாலி, திட்டாத. உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் முகாம் வேலி வழியா அவனுக்குக் கருவாடு குடுத்தேன். உக்காந்தாத்தான் குடுப்பேன்."

மாலிஸைத் தவிர வேறு யார் கையிலும் நாய் தின்னக்கூடாது என்பது நாய்ப் பயிற்சி முகாமின் முதல் விதி. கருவாட்டு நினைப்பில் உட்கார்ந்தது என்றால், அது கடந்து வந்த பாதையையும் நம்ப முடியாது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றாள். "கருவாட்டுக்கு உக்காந்தா எதைப் பார்ப்பான்?"

"என் கையை. கண்ணை எடுக்கவே மாட்டான்."

கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "கால் அசையாம விரலை மட்டும் ஆட்டுங்க."

தொங்கிய கையில் விரல்கள் அசைந்தன. டாங்கோவின் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது. கண் மண்ணை விட்டு நகரவில்லை.

"நம்புறியாம்மா?" என்றார் தலைவர்.

நாயைத் திரும்ப அழைத்துப் சரியாகக் கண்டுபிடித்தால் கிடைக்கும் பந்தைக் கொடுத்துக் கொஞ்சினாள். வெடி இருந்த வரிசையை விட்டுப் பக்கத்து வரிசையில் மறுபடி விட்டாள். அவன் குதிகால் வரை டாங்கோ எங்கும் உட்காராமல் போய்த் திரும்பியது. அந்த வரிசையில் அவள் காலை வைத்தாள்.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்ததும் வீரேக் விசும்பினான்.

"அப்புறம் அழலாம். என் கால் வச்ச இடத்துலயே வையுங்க."

கம்புகளைத் தாண்டியதும் அவன் முழங்காலிட்டு விழுந்தான். டாங்கோ ஓடிவந்து அவன் எதிரே உட்கார்ந்து கையையே பார்த்தது. வீரேக் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.