திறந்து கிடந்த பின்கதவு

தையல் கம்பெனியின் மேல்மாடியில் அன்று ஓர் அதிசயம். எப்போதும் பூட்டியே கிடக்கும் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சட்டை திருட்டுப் போகிறதாம், அதற்காகப் பூட்டு! ‘நியாயமான முறையில் தைத்தது’ என்று சட்டைக் கழுத்தில் சீட்டு வைத்துத் தைப்பதும் இதே மாடியில்தான். கேட்டீர்களா கூத்தை? அந்தச் சீட்டைத் தொடர்ந்து வைக்கலாமா என்று பார்க்கத்தான் ஆய்வாளரம்மா வந்திருந்தார்.

“கதவைப் பத்திக் கேட்டா, எப்பவும் திறந்துதான் இருக்கும்னு சொல்லு. உன் தங்கச்சிக்கும் இங்கதானே பொழப்பு?”

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டு நின்றவள் ஒரு வரிசை மெஷின்களை மேற்பார்க்கும் லைன் சூப்பர்வைசர். அவள் தங்கை அந்தக் கதவை ஒட்டிய மெஷினில்தான், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு சம்பளமும் போனால் வீடு என்னாவது? ஆய்வாளரம்மா கேட்டதும் அப்படியே ஒப்பித்துவிட்டாள்.

“நல்லது,” என்ற ஆய்வாளரம்மா, சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தீ மணியை அழுத்தினார்.

நிஜத் தீ என்றே நினைத்து அத்தனை பேரும் அலறியடித்து ஓடினார்கள். எங்கே? திறந்திருக்கும் கதவை விட்டுவிட்டு, மறுகோடியில் இருக்கும் ஒற்றைப் படிக்கட்டுக்கு! கால்களுக்குப் பழகிய வழி அதுதானே. கதவடியில் இருந்த தங்கையும் ஓடினாள், பாவி மகள். அக்காவும்தான் ஓடினாள்.

மணி நின்றது.

“பின்னாடி கதவு திறந்திருக்கே, ஏம்மா எல்லாரும் அங்க ஓடுனீங்க?”

“பதட்டம் மேடம்,” என்றார் மேனேஜர்.

தங்கை நெரிசலில் சுவரோடு நசுங்கி, உதடு கிழிந்து நின்றாள். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால்? அக்காவுக்கு வேலை போய்விடும் என்ற பயம் போகவில்லை. அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது.

“நான் சொன்னது பொய் மேடம். அது பூட்டிதான் இருக்கும்.”

“இவ சொல்றதை நம்பாதீங்க. வேற யாரை வேணும்னாலும் கேளுங்க!” மேனேஜர் குரல் உயர்ந்தது.

ஆய்வாளரம்மா தங்கையிடம் திரும்பினார். தங்கை மேனேஜரின் முகத்தைப் பார்த்தாள். உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்பவும் திறந்துதான் மேடம் இருக்கும். அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு.”

“சரிம்மா. அந்தக் கதவுக்கு வெளியே என்ன இருக்கு?”

தங்கை வாயைத் திறந்தாள். பயந்துபோய் அக்காவைப் பார்த்தாள்.

அக்காவுக்கும் தெரியாது.