இராஜம்மா ஏ/பி சின்னையா

புனிதா கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் புண் பழுத்துத் திரும்பி வந்தால், அவர்களைத் தேடிப் பிடித்துக் கணக்கெடுப்பது அவள் வேலை. ஐந்து மாதமாக அந்த வேலையைக் கணினி பார்க்கிறது. அறுவை அறையின் பதிவையும் அவசரப் பிரிவின் பதிவையும் அதுவே பொருத்திப் பார்க்கும். ஒரே அறையிலிருந்து மூன்று பேருக்குத் தொற்று என்றால் திரை சிவக்கும். அறையை மூடிச் சுத்தம் செய்வார்கள். இதுவரை ஒரு நாளும் சிவக்கவில்லை. மேலே இருப்பவர்களுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அன்று காலை, பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வந்து சேர்ந்திருந்த இராஜம்மாவின் முழங்கால் கட்டைப் புனிதா பிரித்தாள். தையல் நெடுகச் சீழ்.

"எங்க ஆன்டி ஆபரேஷன் பண்ணுனாங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? இங்கதான வெட்டுனீங்க. நேத்து எமர்ஜென்சில இருந்த பொண்ணும் இதையேதான் கேட்டுச்சு. கம்ப்யூட்டர்ல இல்லையே, வெளியில பண்ணதான்னு கேக்குது."

அடுத்த கட்டிலிலும் எதிர்க் கட்டிலிலும் இதே கதை. மூன்று பெண்களுக்கும் இரண்டாம் எண் அறையில்தான் அறுவை நடந்திருந்தது. திரையிலோ அந்த அறைக்கு ஒரு தொற்றும் இல்லை.

புனிதா இரண்டு பதிவுகளையும் அருகருகே திறந்து பார்த்தாள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவசரப் பிரிவில் அடையாள அட்டையில் உள்ளபடியே 'இராஜம்மா ஏ/பி சின்னையா'. ஏ/பி என்றால் மலாய் மொழியில் மகள், ஆண்களுக்கு ஏ/எல். இந்த நாட்டில் நம்மவர் பலரின் பெயருக்கு நடுவில் அது உட்கார்ந்திருக்கும். அறுவை அறையின் கணினி அந்தச் சாய்கோட்டை விழுங்கிவிட்டு வெறும் 'ஏபி' என்று வைத்திருந்தது. அட்டை எண் ஒன்றுதான். ஆனாலும் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்று ஒருத்தியை இரண்டு பேராக்கிவிட்டது. அதன் கணக்கில், மூட்டு மாற்றிக்கொண்ட இராஜம்மா வீட்டில் சுகமாக இருக்கிறாள். சீழோடு வந்தவள் யாரோ எவளோ.

தொற்றுக் கண்காணிப்புக்குப் பொறுப்பான டாக்டர் ஜெயந்திரனின் அறைக்கு ஓடினாள்.

"ரெண்டாம் நம்பர் தியேட்டரை இப்பவே மூடணும் டாக்டர். மூணு பேரு வார்டுல கிடக்கிறாங்க. அடுத்த அம்மாவுக்கு டிராலி ரெடியா நிக்குது."

"சிஸ்டம் கிரீன்லதானே இருக்கு?"

பெயர் விஷயத்தை விளக்கினாள். இராஜம்மாவின் பெயரையும் மற்ற இருவரின் பெயரையும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"நானும் பார்த்தேன், நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இன்ஃபெக்ஷனே வரலையேன்னு. மஞ்சள் நிறைய சாப்பிடறோம்ல, அதான்னு நினைச்சேன். ஓகே லா, கம்பெனிக்காரன்கிட்ட சொல்றேன். அடுத்த மாசம் சரி பண்ணிடுவான்."

பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மஞ்சளைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். புனிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உங்க பேர்ல ஏ/எல் இல்ல டாக்டர். உங்க காலு சீழ் பிடிச்சா சிஸ்டம் காட்டும்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "பார்த்துப் பேசுங்க சிஸ்டர். சிஸ்டம்ல நம்பர் வரட்டும், மூடலாம்."

புனிதா படியிறங்கிப் பதிவு முகப்புக்குப் போனாள். அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களின் பெயரைப் பதியும் லோஜினி அங்கே இருந்தாள்.

"இந்த மூணு பேரு பேர்லயும் அந்தக் கோட்டை எடு."

"ஐசி கார்டுல அப்படித்தான் இருக்கு அக்கா. எடுத்தா ஏசுவாங்க."

"கேட்டா நான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லு."

மூன்றாவது பெயரில் கோடு மறைந்த சிறிது நேரத்தில் திரை சிவந்தது. மேலே மணி அடித்தது, தொலைபேசிகள் அடித்தன. அறுவை அறை வாசல் வரை போன டிராலி திரும்பியது. அதில் படுத்திருந்த அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. இன்னும் சாப்பிடக் கூடாதா என்று மட்டும் கேட்டார்.

ஜெயந்திரன் கைப்பேசியைக் காதில் வைத்தபடி முகப்பைக் கடந்து போனார். தலைமையகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா, தியேட்டரை மூடிட்டோம். சிஸ்டம்தான் பிடிச்சுது. ரொம்ப நல்லா வேலை செய்யுது."

புனிதா அவரைப் பார்க்கவில்லை. நாற்காலியை லோஜினியின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிஸ்டம் வந்த நாள்லேர்ந்து திற. ஏ/பி, ஏ/எல், எல்லாத்துலயும் கோட்டை எடு."

"அய்யோ அக்கா. இன்னும் எத்தனை பேருக்கு வந்திருக்கும்?"

"தெரியாதுடி. அதுதான் வயிறு எரியுது."