மூன்றாவது கட்டம்

நடக்க முடியாதவர்களை வேனில் அழைத்து வந்து பிசியோதெரபி கொடுக்கும் சிறிய தொண்டு நிறுவனம் அது. வருடா வருடம் அவர்களுக்கு வரவு செலவுத் திட்டம் போட்டுத் தருவது என் வேலை. எப்போதும் மூன்று கட்டங்கள்: நன்கொடை நன்றாக வந்தால், சுமாராக வந்தால், மோசமாக வந்தால்.

போன வருடம் மூன்றாவது கட்டத்தில் ஒரே வேன், ஒரே தெரபிஸ்ட் என்று எழுதியதற்கு, நிறுவனத்தை நடத்தும் அக்கா என்மேல் பாய்ந்தார். "முதல்ல வாயைக் கழுவு!"

இந்த வருடமும் அதே அறைதான். ஏசியை விற்றுவிட்டு அந்த ஓட்டையில் அட்டையை ஒட்டியிருந்தார்கள். பழைய கோப்பைக் கணினியில் திறந்தேன். அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது கட்டத்தை நிதானமாகப் படித்தார்.

"ஒரு வேனாவது ஓடுதே! இதைத் தூக்கி முதல் கட்டத்துல போடு."

போட்டேன். இதற்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம்! இரண்டாவதில் வேனையும் எடுத்துவிட்டேன். தெரபிஸ்ட் பஸ் பிடித்து வீடு வீடாகப் போவார்.

மூன்றாவது காலியாகக் கிடந்தது.

"இதுல என்னக்கா எழுதறது?"

வெளியே வேனிலிருந்து யாரையோ மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் எழுதாதே. அப்படியே விடு. சரியாத்தான் இருக்கு."