வாசிகசாலையில் கட்டிய வெள்ளை

ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுவருஷம், களுவாஞ்சிக்குடி வாசிகசாலையில் கிருமிகளைப் பற்றிய படம் காட்டினார்கள். எல்லோருக்கும் இலவசம் என்று பறையடித்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வெள்ளைத் துணி கட்டுகிற, ஊர் உடுப்பு வெளுக்கிற கட்டாடி கதிரன்தான், தான் வெளுத்து வைத்திருந்த துணியைக் கொண்டுவந்து திரையாகக் கட்டினான். கட்டிவிட்டு வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்காரப் போனவனை, வாசிகசாலைத் தலைவர் கந்தப்போடியார் நாயை விரட்டுவதுபோல் விரட்டினார்.

"டேய், வெளியால போ. வேலிக்கு அங்கால நிண்டு பாரு."

வேலிக்கு அப்பால் நின்றவனுக்குத் தலைகள்தான் தெரிந்தன. அழுக்குத் துணியில் கிருமி எப்படிப் பெருகும் என்று படம் காட்ட வந்த பட்டணத்து ஐயா உள்ளே விளக்கிக்கொண்டிருந்தார். கதிரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊர் அழுக்கில் கை வைத்தவன் இவர்களில் எவன்? விறுவிறென்று உள்ளே போய்த் திரையின் முடிச்சுகளை அவிழ்த்தான்.

போடியார் எழும்பிக் குறுக்கே பாய்ந்தார். படத்தின் வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. வெளுத்த வேட்டியில் கிருமிகள் நெளிந்தன. சிரிக்க ஒருவருக்கும் துணிவில்லை.

கதிரன் துணியைச் சுருட்டித் தோளில் போட்டான்.

"படம் உங்கட வேட்டியில நல்லா விழுகுது, போடியார். அதை இனி நீங்களே தோய்ச்சிக்கொள்ளுங்க."